நாலு எல்லை இல்லாத சைட்

என் வலது கை மோதிர விரல் இன்றைக்கும் முழுதாக மடங்காது. அதை உடைத்தவன், உடைப்பதற்கு முன்னால் என்னிடம், "கையைச் சித்த இப்பிடி நீட்டுங்க" என்றான். நீட்டுங்க! எங்கள் கோயமுத்தூர்ப் பக்கத்துக்கு மட்டுமே உரிய கொடுமை இது. மண்டையைப் பிளக்க வருகிறவனும் 'ங்க' போட்டுத்தான் பிளப்பான். நான் நீட்டவில்லை. இன்னொருத்தன் என் முழங்கையை மேசையோடு சேர்த்து அழுத்திக்கொண்டான். விரல் உடைகிற சத்தம் ஒன்றும் பெரிதில்லை, முருங்கைக் குச்சி ஒடிகிற அளவுதான். அதற்கப்புறம் நான் போட்ட சத்தம்தான் பெரிது. கீழே பேக்கரியில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் அண்ணாந்து பார்த்தார்களாம். ஒருத்தரும் மேலே வரவில்லை.

இதையெல்லாம் என் நாற்காலியிலேயே கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர் என் மச்சான். என் மனைவியின் அண்ணன். அவருக்கு வேண்டியிருந்தது ஒரு பெயர். அவருடைய அம்மாவின் பெயர் அது, என் மகளின் பெயரும் அதுதான். அந்தப் பெயரோடு டாட் காம் சேர்ந்த இணைய முகவரி எங்கள் வீட்டில் இருந்தது. அதைப் பிடுங்கத்தான் ஆள் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். பெயர் என்னவென்று இங்கே எழுத மாட்டேன். எழுதினால் நாளைக்கே எவனாவது அதற்கு ஒரு புது வாலை ஒட்டி வாங்கி வைத்துக்கொண்டு, என்னிடமே விற்க வருவான். என் தொழிலில் இருக்கிறவர்களின் புத்தி எனக்குத் தெரியாதா?

தொழிலைச் சொல்லிவிடுகிறேன். நான் இணைய முகவரிகள் வாங்கி விற்கிறவன். சரவணம்பட்டியில் பேக்கரிக்கு மேலே ஒரு அறை, இரண்டு கம்ப்யூட்டர், ஒரு மேசை, அவ்வளவுதான் என் ஆபீஸ். பிறந்து வளர்ந்தது கருமத்தம்பட்டியில், தறிச் சத்தத்துக்கு நடுவில். அங்கே பக்கத்தில் இருக்கிறவனிடம் உப்புக் கேட்பதென்றாலும் கத்தித்தான் கேட்க வேண்டும். அதனால் எனக்கு மெதுவாகப் பேச வராது. கோபமும் அப்படித்தான், வந்தால் ஊருக்கே கேட்கும்.

என் அப்பா நிலத் தரகர். அவர் எனக்குச் சொல்லிவிட்டுப் போன தொழில் ரகசியம் ஒன்றே ஒன்றுதான். "ரோட்டு மேல இருக்கற பூமி, நீ தூங்குனாலும் வெல ஏறும். உள்ள கெடக்கறது, நீ தூக்கங்கெட்டாலும் ஏறாது." கம்ப்யூட்டருக்குள்ளும் கதை அதேதான். டாட் காம் என்பது மெயின் ரோட்டு மேல் சைட். டாட் இன் பக்கத்துத் தெரு, பரவாயில்லை, குடியிருக்கலாம். அதற்கப்புறம் புதிதாக வந்து குவிந்ததுகள் இருக்கின்றனவே, ஷாப், ஸ்டோர், ஆன்லைன், எக்ஸ்ஒய்இசட் என்று, அதெல்லாம் பொட்டல் காட்டில் கல் நட்டு, முன்னால் ஒரு ஆர்ச் கட்டி, 'நகர்' என்று பெயர் வைத்து விற்கிற லேஅவுட். முதல் வருஷம் டீயும் பன்னும் விலைக்குக் கொடுப்பார்கள். அடுத்த வருஷம் புதுப்பிக்கப் போனால்தான் தெரியும் சங்கதி. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். திருப்பி விற்கலாம் என்று போனால் ஒரு நாயும் சீந்தாது. ஒன்றிரண்டு விதிவிலக்கு உண்டு. ஏஐ என்று முடிகிறதற்கு இப்போது நல்ல கிராக்கி. அது காட்டின் குறுக்கே பைபாஸ் போன ஆளுக்கு அடித்த யோகம். அதைப் பார்த்துவிட்டு எல்லாக் காட்டுக்கும் பைபாஸ் வரும் என்று வாங்கிக் குவித்தவர்கள் என் எதிரில் உட்கார்ந்து அழுதிருக்கிறார்கள். நான் ஆறுதல் சொன்னதில்லை. நன்றாகத் திட்டித்தான் அனுப்புவேன்.

இந்தத் தொழிலால்தான் எனக்குக் கல்யாணம் ஆனது. இந்தத் தொழிலால்தான் மச்சானுக்கு என்மேல் கடுப்பும் வந்தது. சத்தியமங்கலத்துக்குப் பெண் பார்க்கப் போனபோது, "மாப்ள என்ன தொழில் பண்றீங்க?" என்று அவர் கேட்டார். "சைட் வாங்கி விக்கறேனுங்க" என்றேன். எங்கள் ஊரில் சைட் என்றால் வீட்டுமனை. அதற்கு வேறு அர்த்தமே கிடையாது. நான் வெப்சைட்டைச் சொன்னேன், அவர்கள் மனையைக் கேட்டார்கள். ரியல் எஸ்டேட் மாப்பிள்ளை என்று உடனே தட்டு மாற்றிவிட்டார்கள். கல்யாணம் முடிந்து விருந்துக்குப் போனபோதுதான் மச்சான், "உங்க சைட்டெல்லாம் எந்தப் பக்கமுங்க மாப்ள?" என்று கேட்டார். "அதெல்லாம் கம்ப்யூட்டருக்குள்ளங்க" என்றேன். சோற்றில் வைத்த கையை அப்படியே எடுத்துவிட்டார். அன்றைக்கிருந்து அவர் கண்ணுக்கு நான் ஒரு பித்தலாட்டக்காரன்.

அடுத்த வருஷம் மாமியார் இறந்துபோனார். அவர்களுடையது வாய்க்கால் பாய்கிற பூமி, வாழையும் சம்பங்கியும் போட்டிருந்தார்கள். அதிலேயே தெற்கு மூலையில் அவரைப் புதைத்தார்கள். காரியம் முடிந்த கையோடு மச்சான் தங்கையை ரெஜிஸ்ட்ரார் ஆபீசுக்குக் கூட்டிக்கொண்டு போனார். விடுதலைப் பத்திரம். அப்பன் ஆத்தா பூமியில் எனக்குப் பங்கு வேண்டாம் என்று பெண் தானே எழுதிக் கொடுக்கிற பத்திரம். எங்கள் பக்கம் இது ஒரு சீர் மாதிரி நடக்கும். அண்ணன் பட்டுச் சேலை எடுத்துக் கொடுப்பார், நல்ல ஹோட்டலில் சாப்பாடு வாங்கிப் போடுவார், தங்கச்சி கையெழுத்துப் போடுவாள். ஏன் என்று கேட்டால், "பொறந்த ஊட்டு ஒறவு வேணுமில்லீங்க?" என்பார்கள். "ஒரே ஒரு கையெழுத்து கண்ணு" என்றார் மச்சான். அவள் படித்துக்கூடப் பார்க்காமல் போட்டாள். நான் வெளியே பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் சேலைப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அன்னூர் தாண்டியபோது, "எங்கம்மாள வெச்ச எடமும் போயிருச்சுங்களா?" என்று கேட்டாள். போய்விட்டது என்றேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மகள் பிறந்ததும் அம்மாவின் பெயரையே வைத்தாள். எங்களில் வழக்கம்தான் அது. அன்றைக்கு ஆஸ்பத்திரியில் உட்கார்ந்தபடியே அந்தப் பெயரை டாட் காமில் தேடிப் பார்த்தேன். பழைய காலத்துப் பெயர், எவனும் தொடாமல் கிடந்தது. வாங்கினேன். என் பெயரில் இல்லை, அவள் பெயரில், அவள் மெயிலில், அவள் பாஸ்வேர்டில். "பொறந்த ஊட்டுல இருந்து வராதது இது. வெச்சுக்க" என்றேன். "இதுக்குப் பட்டா உண்டுங்களா?" என்று சிரித்தாள். "உண்டு, உன்ற பேர்லதான்" என்றேன். மகள் வளர்ந்து கிறுக்க ஆரம்பித்தபோது, அவள் வரைந்த ஆட்டுக்குட்டி ஒன்றை அந்தப் பக்கத்தில் போட்டு வைத்தோம். ஐந்து காலா ஆறு காலா என்று இன்றுவரை எங்களுக்குள் சண்டை. அந்த ஆட்டைத் தவிர அங்கே வேறு எதுவும் கிடையாது.

அப்புறம் மச்சான் மரச்செக்கு எண்ணெய் வியாபாரத்தில் இறங்கினார். டின்னில் அம்மாவின் படம், அம்மாவின் பெயர். ஒரு டின்னைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, "மாப்ள, அந்தப் பேரு எங்கம்மாளுது. எழுதிக் குடுத்துருங்க" என்றார். "அது அம்மணி பேர்ல இருக்குதுங்க. அவகிட்டக் கேளுங்க" என்றேன். "பொம்பளகிட்ட என்னத்தக் கேக்கறது?" என்று சிரித்தார். சமையலறையில் தாளித்துக்கொண்டிருந்த கரண்டிச் சத்தம் நின்றுவிட்டது. அவர் கவனிக்கவில்லை.

கடைசியில் யாரோ யோசனை சொல்லி, அதே பெயருக்கு டாட் ஷாப் வாங்கிக்கொண்டார். "வாலு எதுவா இருந்தா என்னங்க, தலை எங்கம்மா பேருதான?" என்றார். நான் தலைபாடாக அடித்துக்கொண்டேன். "மச்சான், நீங்க போர்டுல எதை வேணா எழுதுங்க. ஜனங்க கை தன்னால டாட் காம்தான் அடிக்கும். நாளைக்கு நீங்க விக்கலாம்னு நெனச்சாலும் அந்த வால வாங்க ஆள் வராதுங்க." அவர் எகத்தாளமாக, "உங்க சரக்க விக்கறதுக்கு எஞ்சரக்கக் கொற சொல்றீங்க, போங்க மாப்ள" என்றார்.

சத்தி ரோடு முழுக்கப் போர்டு வைத்தார். லாரி முதுகில் எழுதினார். கையில் செல்போனோடு எண்ணெய் தேடிய ஜனங்கள் நான் சொன்ன மாதிரியே டாட் காம் அடித்தார்கள். வந்து பார்த்தால் ஆட்டுக்குட்டி. மெயில் போடுகிறவர்களும் அதே வேலையைத்தான் செய்தார்கள். ஒரு டின் கடலெண்ணெய் வேணும், நல்லெண்ணெய் என்ன விலை என்றெல்லாம் என் மனைவிக்கு வந்து விழுந்தன. அவள் ஒன்று விடாமல் அண்ணனுக்கு அனுப்பி வைத்தாள். "ஆடு பகை, குட்டி உறவா? உனக்கெதுக்கு இந்த வேலை?" என்று நான் கத்தினேன். "எங்கம்மா பேருல வாரதுங்க, எப்பிடிக் கீழ போடறது?" என்றாள். அந்த மனுஷரிடமிருந்து ஒரு நன்றி வந்ததில்லை.

அந்த வருஷம் அவர் ஊர் நோம்பிக்கு, அதாவது கோயில் திருவிழாவுக்கு, குடும்பத்தோடு போயிருந்தோம். மச்சான் கிடாய் வெட்டினார். பந்தியில் எனக்குப் பக்கத்தில் நின்று, "இன்னுங் கொஞ்சம் போடுங்கப்பா மாப்ளைக்கு" என்று குழம்பை ஊற்றினார். நோம்பி முடியும்வரை அவள் மெயிலைத் திறக்கவில்லை. அந்தச் சமயம் பார்த்துச் சிங்கப்பூர்க் கடைக்காரர் ஒருவர் மொத்தமாக எண்ணெய் கேட்டு டாட் காம் முகவரிக்கு எழுதியிருக்கிறார். உடனே பதில் வேண்டும் என்று கேட்டிருக்கிறார். நாங்கள் ஊர் திரும்பிப் பார்த்து, அவள் பதறிப்போய் அண்ணனுக்கு அனுப்புவதற்குள் அவர் வேறு ஆளிடம் வாங்கிவிட்டார்.

மறுநாள் காலையில்தான் மச்சான் இரண்டு பேரோடு மாடி ஏறி வந்தார். வந்ததும் கன்னத்தில் ஒன்று விட்டார். "எங்கூட்டுக் கெடாயத் தின்னுபோட்டு என்ற வயித்துலயே அடிச்சுப்போட்டீங்களே மாப்ள. வேணும்னேதான அமுக்கி வெச்சீங்க?" அடித்துக்கொண்டே மாப்ள, அடித்துக்கொண்டே ங்க. நான் சும்மா வாங்கிக்கொண்டு நிற்கிற ஜாதி இல்லை. மேசைமேல் இருந்த டீ கிளாசை அவர் மூஞ்சியைப் பார்த்து வீசினேன். அது சுவரில் உடைந்தது. கீபோர்டைத் தூக்கி ஒருத்தன் மண்டையில் போட்டேன். எழுத்தெல்லாம் மக்காச்சோளம் உதிர்ந்த மாதிரி தரையில் சிதறியது. அதற்குள் மற்றவன் என் அடிவயிற்றில் முட்டியைக் கொடுத்தான். கீழே விழுந்த என்னை இருவரும் சேர்ந்து மிதித்தார்கள். வாயில் ரத்தத்தின் உப்பும் ஒரு பல்லின் ஆட்டமும் தெரிந்தது.

"அந்தப் பொட்டிகள ஒடைங்க. அதுக்குள்ளதான் இவரு சைட்டெல்லாம் இருக்குது" என்றார் மச்சான். ஒருத்தன் சுத்தியலால் முதல் கம்ப்யூட்டரை நொறுக்கினான். இரண்டாவதுக்குச் சுத்தியலை ஓங்கியவன் அப்படியே நின்று, "ஏனுங்க, ஒடைச்சுப்போட்டா நமக்கு வேண்டியதும் உள்ளயே போயிராதுங்களா?" என்று கேட்டான். மச்சான் விழித்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ரத்தம் ஒழுகுகிற வாயோடு கிடந்து, விலா வலிக்க வலிக்கச் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்குத்தான் என் விரலை உடைத்தார்கள்.

அங்கிருந்து காரில் போட்டு, பத்திரம் எழுதுகிற கடைக்குக் கொண்டு போனார்கள். மச்சானுக்கு முத்திரைத்தாள் இல்லாமல் எதுவும் நடந்ததாக ஆகாது. "பேர மாத்தோணும்னா ரெஜிஸ்ட்ரார் ஒத்துக்கோணுமுங்க மச்சான்" என்று சொல்லிப் பார்த்தேன். நான் சொன்னது கடல் கடந்து எங்கேயோ கம்ப்யூட்டருக்குள் இருக்கிற கம்பெனியை. "எந்த ரெஜிஸ்ட்ராரா இருந்தா என்னங்க, நான் பாத்துக்கறேன்" என்றார் அவர். எங்கள் வட்டாரத்து ரெஜிஸ்ட்ரார் ஆபீசில் எல்லாரையும் அவருக்குத் தெரியும்.

பத்திரக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் பார்த்தார். முன்பே அடித்து வைத்திருந்த கிரயப் பத்திரத்தில் விவரங்களை நிரப்பிக்கொண்டே வந்தவர், வழக்கம்போல, "சைட்டுக்கு நாலு எல்லை சொல்லுங்க" என்றார். மச்சான் என்னைப் பார்த்தார், அடியாட்கள் மச்சானைப் பார்த்தார்கள். நான் ரத்தத்தைத் துப்பிவிட்டுச் சொன்னேன்: "வடக்க டாட் நெட், தெக்க டாட் ஆர்க், மேற்க டாட் இன், கெழக்க மச்சானோட டாட் ஷாப்."

அந்த மனுஷர் அதைக் குண்டு குண்டாக அழகாக எழுதினார். "மச்சானோடன்னு போட முடியாதுங்க, முழுப் பேரு வேணும்" என்று கேட்டு, அதையும் எழுதினார். பேனாவை நீட்டினார். என் வலது கை வீங்கிப் பனங்கிழங்கு மாதிரி இருந்தது.

"படிச்சவருதானுங்களே?" என்றார்.

"படிச்சவன்தானுங்க. கையை ஒடைச்சுப்போட்டாங்க."

"அப்ப எடது கைப் பெருவிரல் வைங்க" என்று மைப்பெட்டியைத் தள்ளினார்.

வைப்பதற்கு முன்னால் கடைசித் தடவையாகக் கத்தினேன். "எத்தன வாட்டி சொல்றது? அது எம் பேர்லயே இல்லீங்க. அம்மணி பேர்ல இருக்குது!" பத்திரக்காரர் பேனாவை மூடினார். "பட்டா அவிய பேர்ல இருந்தா அவியதான் போடோணும். இவரு வெரல் வெச்சுச் செல்லாதுங்க" என்றார். ஆக, விரலை உடைத்ததே தப்பான ஆளுக்கு. மச்சான் முகத்தில் ஒரு வருத்தமும் தெரியவில்லை. அந்த இடத்தில் தங்கையின் பெயரை எழுதச் சொல்லிவிட்டு, "அவ போட்டுருவா. போன தடவையும் போட்டாள்ல?" என்றார்.

அதே காரில் என்னை எங்கள் வீட்டுக்குக் கொண்டு வந்தார்கள். மகள் பள்ளிக்கூடம் போயிருந்தாள். அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. மச்சான் எப்போதும்போல ஒரு டின் எண்ணெயைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார், பக்கத்தில் பத்திரத்தை விரித்தார். என்னை வாசலருகே தரையில் உட்கார வைத்திருந்தார்கள். கோபத்தை விடப் பயம்தான் எனக்கு. அவள் போட்டுவிடுவாள் என்றுதான் நானும் நினைத்தேன். போட்டால் அவள் அம்மாவிடமிருந்து அவளுக்கு மிஞ்சியிருந்த ஒரே சொத்தும் போய்விடும்.

"ஒரே ஒரு கையெழுத்து கண்ணு" என்றார் மச்சான். அதே குரல், அதே சிரிப்பு.

அவள் பத்திரத்தைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தாள். "இவரு கையை ஒடைச்சது யாருங்கண்ணா?"

"மாப்ள கொஞ்சம் எச்சாப் பேசிப்போட்டாரு. அடி உதவற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்னு சும்மாவா சொன்னாங்க? நீ போடு."

அவள் எண்ணெய் டின்னைக் கைப்பிடியோடு தூக்கியதை நான் பார்த்தேன். உள்ளே எடுத்துக்கொண்டு போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் அதைச் சுழற்றி அண்ணன் நெற்றியில் அறைந்தாள். தகரத்தின் முனை புருவத்துக்கு மேலே கிழித்து ரத்தம் கொட்டியது. மூடி தெறித்து, எண்ணெய் தரை முழுக்கப் பரவியது. அவளைப் பிடிக்கப் பாய்ந்த அடியாள் எண்ணெயில் வழுக்கி, மல்லாக்க விழுந்து, பின்மண்டை தரையில் மோதிக் கிடந்தான். இன்னொருத்தன் வாசலிலேயே நின்றுவிட்டான். அவள் கையில் இப்போது அரிவாள்மனை இருந்தது. எப்போது எடுத்தாள் என்றே தெரியவில்லை.

"கூடப் பொறந்தவன அடிச்சுப்போட்டயே அம்மணி!" என்றார் மச்சான். கண்ணுக்குள் வழிந்த ரத்தத்தைத் துடைக்கக்கூட மறந்து நின்றார்.

"எங்கம்மா பேரு" என்றாள் அவள். அரிவாள்மனையைக் கீழே இறக்கவில்லை. "எம்புள்ள பேரு. இதுக்கு நடுவுல நீங்க ரெண்டு பேரும் எங்கீங்க வந்தீங்க?"

ரெண்டு பேரும் என்றாள். தரையில் உட்கார்ந்தபடி, என் பொண்டாட்டி எனக்காக டின்னைத் தூக்கிவிட்டாள் என்று பூரித்துக்கொண்டிருந்த நான் வாயை மூடிக்கொண்டேன்.

"பேரு வேணுமுங்களா? தாரேன்" என்றாள். "வெலையச் சொல்றேன், எழுதிக்கங்க. எம் பங்குப் பூமி. கெழக்க வாய்க்கால், மேற்க இட்டேரி, வடக்க உங்க பங்கு, தெக்க எங்கம்மாளப் பொதைச்ச எடம். அந்த எடமும் சேத்தி. அதை எம் பேருக்கு எழுதிக் குடுங்க, அன்னைக்கே இதை உங்களுக்கு எழுதித் தாரேன்."

வாய்க்கால் மேட்டிலிருந்து, இரண்டு வேலிக்கு நடுவே ஓடுகிற அந்த இட்டேரித் தடம் வரை, பல வருஷமாக அந்த நாலு எல்லையையும் அவள் மனதுக்குள் சுற்றி வந்திருக்கிறாள் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. மச்சான் துண்டை நெற்றியில் அழுத்திக்கொண்டார். தரையில் விழுந்த பத்திரத்தில் எண்ணெய் ஊறி, எழுத்தெல்லாம் பின்பக்கம் தெரிந்தது. "சரிங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். தங்கையிடம் அவர் ங்க போட்டுப் பேசி நான் கேட்டதே இல்லை. அது மரியாதையா, இல்லை நீ யாரோ நான் யாரோ என்று அறுத்துவிட்டதா என்று எனக்கு விளங்கவில்லை. அவளுக்கும் விளங்கவில்லை. தரையை நியூஸ் பேப்பர் போட்டுத் துடைத்துக்கொண்டே அழுதாள்.

கையில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்ததும், போலீசில் கேஸ் கொடுப்பேன் என்று நான் குதித்தேன். "குடுங்க. ஆரு வேண்டாம்னா? ஆனா அது உங்க வெரலுக்கு. பேர நான் பாத்துக்கறேன்" என்றாள். கொடுத்தேன். அது பாட்டுக்கு இழுத்துக்கொண்டு கிடக்கிறது.

கொஞ்ச நாளில் மறுபடியும் ஒரு மெயில் வந்தது. யாரோ நல்லெண்ணெய் கேட்டிருந்தார்கள். அதை அழித்துத் தொலைக்கிறேன் என்று இடது கையால் மவுசைப் பிடித்தேன். அவள் என் கையைத் தட்டிவிட்டு அதை அண்ணனுக்கே அனுப்பினாள். ஆனால் கீழே புதிதாக ஒரு வரி சேர்த்திருந்தாள். 'கிழக்கே வாய்க்கால், மேற்கே இட்டேரி, வடக்கே உங்கள் பங்கு, தெற்கே அம்மாவைப் புதைத்த இடம், அதுவும் சேர்த்து.' அதற்கப்புறம் டாட் காமுக்கு வந்த ஒவ்வொரு எண்ணெய் ஆர்டரும் அந்த நாலு எல்லையோடுதான் சத்தியமங்கலம் போனது. ஆர்டரை எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது, வியாபாரம் நடந்தது. பதில் மட்டும் வரவில்லை. இதற்கு நடுவில் டாட் ஷாப்பைப் புதுப்பிக்கிற வருஷம் வந்தது, அவர் ஆடிப்போயிருப்பார். விற்றுவிடலாம் என்று சந்தையிலும் போட்டுப் பார்த்தார். எனக்கு அது கண்ணில் பட்டது. ஒருத்தன்கூட விலை கேட்கவில்லை.

போன வாரம் காலையில் மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தவள் செல்போனைப் பார்த்துவிட்டு, பின்னலைப் பாதியில் விட்டாள். அண்ணனிடமிருந்து பதில் வந்திருந்தது. வாங்கிப் படித்தேன்.

'கிழக்கே வாய்க்கால் இல்லை கண்ணு. வாய்க்கால் மேட்டில் தார் ரோடு போட்டாச்சு. திருத்திப் போடு.'

"ரோட்டு மேல் பூமியா!" என்று நான் கத்தினேன்.

"கத்தாதீங்க" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, செல்போனைத் திரும்ப வாங்கி, ஒவ்வொரு எழுத்தாக அடித்தாள். கிழக்கே தார் ரோடு. மற்ற மூன்று எல்லையையும் அப்படியே விட்டு, அனுப்பினாள்.